மருந்து தொடாதவள்

உபவாசத்தின் ஐந்தாம் நாள் பகல் பதினொன்றரை மணிக்கு வேதமாணிக்கத்தின் போன் வந்தது. பொன்னுதாஸ் அப்போது களியக்காவிளையில் தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், ஒரு கிழவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். வேதமாணிக்கம் அவன் பெண்டாட்டி புஷ்பபாயின் அண்ணன், திருப்புறத்துச் சபையின் மூப்பர். தங்கை மாப்பிள்ளைக்குச் சும்மா போன் செய்கிற ஆள் இல்லை. எடுத்ததும், "புஷ்பம் விழுந்துட்டா மாப்ள" என்றார். பொன்னுதாஸின் கையிலிருந்த பாட்டில் மேஜையில் உருண்டது.

மூச்சு முட்டுகிறதா என்றுதான் முதலில் கேட்டான். இந்த ஐந்து நாளும் அவன் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். மூச்செல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் வேதமாணிக்கம். முந்தாநாள் முதல் வாந்தி, வயிற்றுவலி. காலையில் ஜெபத்துக்கு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். கூப்பிட்டால் முழிக்கிறாள், ஆனால் சொந்த அண்ணனைப் பார்த்தே நீ யார் என்கிறாள். மூச்சிழுப்பென்றால் அவனுக்குப் பழகின பேய். இது எந்தப் பேய் என்று தெரியவில்லை. ஆனால் இதன் கட்டை அவிழ்த்துவிட்டது தன் கைதான் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல, கடை முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் ஓடினான்.

கதையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துச் சொன்னால்தான் அவன் பயம் விளங்கும். புஷ்பபாய்க்குச் சிறுவயது முதலே இழுப்பு உண்டு. சொந்த ஊரான காரோட்டுப் பழைய மிஷன் கோயிலில் கல்யாணம் முடித்து, புருஷன் கொண்டுவரும் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு, இருபத்தைந்து வருடம் குறையில்லாமல் வாழ்ந்தவள்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணன் நடத்தும் சபையில் போய்ச் சேர்ந்தாள். அங்கே மருந்து எடுப்பது அவிசுவாசம். தலைவலிக்குத் தைலம்கூடத் தொடக் கூடாது. சபைக்கு வேறு ஏதோ நல்ல பெயர் இருந்தது, ஆனால் ஊர்க்காரர்கள் மருந்தில்லாச் சபை என்றுதான் சொன்னார்கள். மருந்துக்கடைக்காரன் பெண்டாட்டி மருந்தில்லாச் சபையில் சேர்ந்ததைச் சொல்லிச் சொல்லி காரோட்டு டீக்கடையில் ஆறு மாதம் சிரித்தார்கள். பொன்னுதாஸும் சேர்ந்து சிரித்தான். வேறென்ன செய்வது?

அந்தச் சிரிப்பு ஓர் ஆடி மாதத்துக் காலையில் நின்றது. இரவெல்லாம் பெய்த மழைக்குப் பிறகு புஷ்பபாய் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாயில் உறிஞ்சும் இன்ஹேலர் மருந்தை அவன் அவள் வாயருகே கொண்டுபோனபோது கையைத் தட்டிவிட்டாள். ஜெபம் பண்ணுங்க என்று சைகையால் கெஞ்சினாள். பொன்னுதாஸுக்கு உருப்படியாக ஜெபிக்கத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது மருந்துக்கடை மட்டும்தான். அடுக்களைக்குப் போய், பையிலிருந்த வெள்ளை ஸ்டீராய்டு மாத்திரையில் நாலைப் பொடித்துச் சுக்குக்காப்பியில் கலக்கிக் கொண்டுவந்தான். கருப்பட்டியும் நல்லமிளகும் சேர்ந்து அந்தக் கசப்பை முழுங்கிவிட்டன. மத்தியானம் புஷ்பபாய் எழுந்து முற்றம் பெருக்கினாள். கர்த்தர் தொட்டுவிட்டார் என்று அழுதாள். அவனும் அழுதான். அவன் அழுதது பயம் தீர்ந்ததால்.

அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தான். இரண்டாம் நாள், இன்றைக்கும் கொடுக்காவிட்டால் திரும்பி வந்துவிடுமே என்ற பயத்தில் கொடுத்தான். பிறகு அளவைக் குறைத்துத் தினமும் இரண்டு மாத்திரை என்று ஆக்கினான். அதற்குள் அவள் சபையில் எழுந்து நின்று, நாற்பது வருட வியாதியைக் கர்த்தர் ஒரே நாளில் எடுத்துப்போட்டார் என்று சாட்சி சொல்லிவிட்டாள். அதற்குமேல் நிறுத்துவது எப்படி? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆயிரத்து ஐந்நூறு மாத்திரையைக் காப்பியில் மறைக்க முடியும் என்று பொன்னுதாஸ் இரண்டு வருடத்தில் செய்து காட்டினான். அவள் முகம் உருண்டு பளபளத்தது. சபைக்காரர்கள் அதை ஆசீர்வாதம் என்றார்கள். லேசாக இடித்தாலே கையில் நீலம் கட்டியது. அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம் ஊரில் கேலியாகச் சொல்வதுண்டு. பொன்னுதாஸ் யாரையும் கொன்றவனல்ல. ஆனால் அரை அறிவு அவனிடம் இருந்தது. அதே மாத்திரையை எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான். டாக்டர்கள் எழுதும் சீட்டில் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று படிப்படியாகக் குறைக்கச் சொல்லி இருக்கும். அதை அப்படியே உறையில் எழுதிக் கொடுத்ததும் இதே கைதான். ஏன் குறைக்க வேண்டும், ஒரேயடியாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று இருபது வருடத்தில் ஒருநாள்கூட அவன் கேட்டதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்த ஏழு நாள் உபவாச ஜெபம் வந்தது. சபை மண்டபத்திலேயே தங்க வேண்டும், பச்சை வெள்ளத்தை, வெறும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வாயில் படக் கூடாது. முதல் நாள் அவன் பிளாஸ்கில் கொடுத்தனுப்பிய சுக்குக்காப்பி, மூடி திறக்காமல் திரும்பி வந்தது. சரி, ஏழு நாளில் என்ன ஆகிவிடும், மிஞ்சிப் போனால் இழுப்பு வரும், வந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆழம் தெரியாமல் காலை விட்டவனின் கணக்கு அது.

மண்டபத்தில் நாற்பது பெண்கள் வெள்ளைச் சேலையில் முட்டுக்குத்தி நின்று உரக்க ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பாயில் புஷ்பபாய் கிடந்தாள். பொன்னுதாஸ் அவள் கையைத் தொட்டான். ஈரத்துணியைத் தொட்டது போலச் சில்லென்று இருந்தது. புஷ்பம், புஷ்பம் என்று கூப்பிட்டான். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், ஆனால் அந்தப் பார்வை அவனிடம் வந்து நிற்கவில்லை. உச்சி ஜெபம் முடியட்டும் என்று சபையின் பெரியவர்கள் சொன்னார்கள். வேதமாணிக்கம் அவனைத் தூண் மறைவுக்கு இழுத்தார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. "நீ கொண்டு போ. நான் ஒண்ணும் காணல" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். ஆனால் பொன்னுதாஸ் கூட்டிவந்திருந்த ஊர்க்காரன் ஷிபுவின் ஆட்டோவில் புஷ்பபாயை ஏற்றிப் புறப்படும்போது, செருப்புகூடப் போடாமல் அவரும் ஓடிவந்து ஏறி, தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மனிதர் கெட்டவரல்ல. அவரையும் பயம்தான் பிடித்திருந்தது.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அமிர்தா என்ற சின்ன வயது டாக்டர் இருந்தார். ரத்த அழுத்தம் எழுபதுதான் இருக்கிறது என்றார். சர்க்கரையும் உப்பும் தாழ்ந்துபோய்க் கிடந்தன. சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, புஷ்பபாயின் உருண்ட முகத்தை ஒருமுறை பார்த்தார், முழங்கையின் நீலத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். இழுப்புக்காரி என்று தெரிந்ததும், என்னென்ன மருந்து எடுக்கிறார், ஸ்டீராய்டு ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"மருந்து தொடாதவளாக்கும்" என்றார் வேதமாணிக்கம். ஆபத்து நேரத்திலும் அந்தப் பெருமை அவர் குரலில் இருந்தது.

டாக்டர் பொன்னுதாஸைப் பார்த்தார். பொன்னுதாஸ் இல்லை என்று தலையசைத்தான்.

ஏன் அசைத்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. போலீசுக்குப் பயந்தா? இல்லை. மைத்துனருக்குப் பயந்தா? அவரையும் அவன் பெரிதாக நினைக்கவில்லை. புஷ்பபாய் கண் விழிப்பாள், விழித்துத் தன்னைப் பார்ப்பாள் என்பதுதான் அவனை வாயடைத்தது. விழிக்காமலே போய்விடுவாளே என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்திருக்க வேண்டாமா? மனிதனுக்கு எந்த நேரத்தில் எந்தப் பயம் முந்திக்கொண்டு வரும் என்று யாரால் சொல்ல முடியும்.

ஒரு பாட்டில் இறங்கி முடிந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தம் ஏறவில்லை. அறுபத்தைந்து என்றாள் நர்ஸ். புஷ்பபாய் முனகுவதையும் நிறுத்திவிட்டாள். பொன்னுதாஸ் அவள் கால்மாட்டில் நின்றான். கால் விரல்கள் வெளுத்து மெழுகுபோல இருந்தன. இருபத்தெட்டு வருடம் தன்னோடு நடந்த கால். அமிர்தா டாக்டர் திரும்பவும் வந்தார். இந்த முறை வேதமாணிக்கத்தை விட்டுவிட்டு அவனிடம் மட்டும் கேட்டார். இந்த முகம் மருந்து தின்ற முகம், எனக்கு உண்மை தெரிய வேண்டும், நேரம் இல்லை என்றார்.

"ரெண்டு வருசமாட்டு உண்டு டாக்டரே. தெனமும் பத்து மில்லிகிராம். காப்பியில கலக்கிக் குடுத்தேன். அவளுக்குத் தெரியாது. இப்பம் அஞ்சு நாளாட்டு இல்ல."

டாக்டர் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரை உரக்கச் சொன்னார், ஒரே நிமிடத்தில் ஊசி புஷ்பபாயின் நரம்பில் ஏறியது. வேதமாணிக்கம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் பொன்னுதாஸ் அந்த இயந்திரத்தின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். எழுபத்தெட்டு. எண்பத்தைந்து. எண்பத்திரண்டு என்று இறங்கியபோது டாக்டரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தொண்ணூற்றாறு. மூன்று மணிக்குப் புஷ்பபாய் கண்ணைத் திறந்து, அண்ணனின் வெறுங்காலைப் பார்த்து, செருப்பு எங்கே என்று கேட்டாள்.

வேதமாணிக்கம் எழுந்தார். பொன்னுதாஸை வெளியே கூட்டிவந்து அவன் முன்னால் நின்றார். அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "நான் சொல்லமாட்டேன். நீயே அவகிட்டச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்து போனார்.

மாலையில் அமிர்தா டாக்டர் அவனை உட்காரவைத்துச் சொன்னதை அவன் ஒரு பரீட்சைப் பிள்ளையைப் போலக் கேட்டான். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம் உண்டு. உடம்புக்குக் காய்ச்சலோ பட்டினியோ அதிர்ச்சியோ வந்தால் அது ஒரு ஹார்மோனைக் கீழே அனுப்பும். அதற்கு நேர் கீழே பட்டாணிக் கடலை அளவில் பிட்யூட்டரி தொங்குகிறது. அதன் செல்களில் ஒரு கூட்டம் அந்த ஹார்மோனுக்காகவே காத்திருக்கும். வந்ததும் அவை வேறொரு ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது போய்ச் சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சுரப்பியை எழுப்பும். அந்தச் சுரப்பி தருவதுதான் உயிரைப் பிடித்து நிறுத்துகிற சரக்கு. அவன் காப்பியில் கலக்கியது ஏறக்குறைய அதே சரக்கு.

பக்கத்து வீட்டிலிருந்து தினமும் சோறு வந்தால் நம் வீட்டில் யார் அடுப்பு மூட்டுவார்கள் என்று கேட்டார் டாக்டர். இரண்டு வருடம் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் மேலே இருப்பது உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிட்டது. உத்தரவு வராத பிட்யூட்டரி செல்கள் சோம்பிப் போய்விட்டன, கீழே இருக்கும் சுரப்பியும் சுருங்கிவிட்டது. அந்த நிலையில் வெளிச்சோற்றையும் ஒரேயடியாக நிறுத்தி, கூடவே பட்டினியும் போட்டால் உடம்பு எதை வைத்துத் தாங்கும்?

இனி அந்தச் செல்கள் எழுந்திருக்குமா என்று கேட்டான் பொன்னுதாஸ். பெரும்பாலும் எழுந்திருக்கும் என்றார். மாதங்கள் ஆகும், வருடமும் ஆகலாம். அதுவரை அவர் மாத்திரையைத் தினமும் தானே தெரிந்து எடுக்க வேண்டும், பிறகுதான் இம்மி இம்மியாகக் குறைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக எடுக்க வேண்டும். ஒருநாளும் விடக் கூடாது. இதை நீங்கள் ஒளித்துச் செய்ய முடியாது, மறுபடி ஒளித்தால் மறுபடி இங்கேதான் கொண்டுவருவீர்கள், அப்போது நான் ஊசி போட நேரம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது என்றார். இவ்வளவையும் சின்னப் பெண் தன் தகப்பன் வயதுக்காரனிடம் மரியாதையாகத்தான் சொன்னது. அவனுக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் சுட்டது.

மூன்றாம் நாள் காலை கையிலிருந்த ஊசிக்குழாயை எடுத்துவிட்டார்கள். நர்ஸ் சின்னக் காகிதக் கப்பில் மாத்திரையை வைத்துவிட்டுப் போனாள். அதுவரை ஊசி ஏறியதை எல்லாம் மயக்கத்தில் கிடந்தபோது மாட்டிய குழாய்தானே என்று புஷ்பபாய் மன்னித்திருந்தாள். இப்போது கப்பைத் தள்ளி வைத்தாள். எனக்கு இது வேண்டாம், ரெண்டு வருடமாகக் கர்த்தர் பார்த்துக்கொள்கிறார் என்றாள். பொன்னுதாஸ் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதல் நாள் காலையிலிருந்து கடைசிப் பிளாஸ்க் வரை ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"எல்லா நாளுமா?" என்று கேட்டாள்.

"எல்லா நாளும். எனக்குப் பேடியாட்டு இருந்து புஷ்பம். நீ செத்துப் போவேன்னு பயம்."

"ரெண்டு வருசமா நான் முட்டுக்குத்தி நன்றி சொன்னேனே. நீங்க பக்கத்துல நின்னு பாத்தியளே."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எட்டரை ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. மாத்திரை கப்பிலேயே கிடந்தது. பொன்னுதாஸ் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு ஒருமுறை குமட்டல் வந்தபோது அவன் நர்ஸைக் கூப்பிட ஓடினான். நர்ஸ் வந்து சொல்லிப் பார்த்தாள், டாக்டர் வந்து சொல்லிப் பார்த்தார். வற்புறுத்தித் திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். பொன்னுதாஸ் கெஞ்சினான். என்னை விட்டுப் போ, ஊரைக் கூட்டிச் சொல்லு, என்ன வேண்டுமானாலும் செய், இதை மட்டும் முழுங்கிவிடு என்றான். அவள் திரும்பாமலே, உங்கள் கையிலிருந்து இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள்.

பத்து மணிக்குமேல் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மறுபடி வந்துவிட்டது என்று பொன்னுதாஸ் நர்ஸைக் கூப்பிட வாயெடுத்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"ஜோஸ்னாவ போன்ல விளிங்க" என்றாள்.

போன மாதம் நடந்ததை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். ஜோஸ்னா சபைக்குப் புதிதாக வந்த பெண். இருபத்திநாலு வயது, கைக்குழந்தைக்காரி, பிறந்த நாள் முதல் இழுப்பு. புஷ்பபாயின் சாட்சியைக் கேட்டுவிட்டு, உறிஞ்சும் மருந்தைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் மேஜைமேல் வைத்துவிட்டாள். அக்காவுக்குச் செய்தவர் எனக்கும் செய்வார் என்றாள். புஷ்பபாய் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமும் கொடுத்தாள். இதைச் சொல்லும்போது புஷ்பபாயின் பல் கிட்டியது. பொன்னுதாஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் காப்பி தன் வீட்டோடு நிற்கவில்லை.

முதல் முறை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறையும் யாரும் எடுக்கவில்லை. புஷ்பபாய் தன் கையாலேயே மூன்றாம் முறை அழுத்தினாள். எடுத்தது ஜோஸ்னாதான். பேச்சுக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து விசில்போல ஒரு மூச்சு வந்தது, அது பொன்னுதாஸ் நின்ற இடத்துக்கே கேட்டது.

"மக்கா, நான் புஷ்பமாக்கும். நான் சொன்ன சாட்சி சத்தியம் இல்ல. எனக்குச் சொகம் தந்தது மருந்தாக்கும். எனக்குத் தெரியாமத் தந்த மருந்து. நீ ஒன் மருந்த எடு. வீட்டுல வேற உண்டா? அத எடு. எடுத்துக்கிட்டு வா, நான் போன வைக்கல."

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அலமாரி திறக்கும் சத்தம், குழந்தை அழும் சத்தம், பிறகு அந்த மருந்து சீறும் சத்தம். இன்னொரு தடவை எடு என்றாள். மறுபடியும் சீறியது. ஆஸ்பத்திரிக்கு வா, அண்ணன் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லு என்றாள். விசில் கொஞ்சம் தணிந்த பிறகுதான் போனைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், வெகுநேரம்.

அழுது முடித்துக் கப்பிலிருந்த மாத்திரையைத் தானே எடுத்து நாக்கில் வைத்தாள். பொன்னுதாஸ் அவசரமாகத் தம்ளரில் வெள்ளம் ஊற்றி நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் அவன் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பின்னாலேயே போனான், தொடத் தைரியம் வரவில்லை. வராந்தாவின் கோடியில் இருந்த குழாயைத் திறந்து, உள்ளங்கையில் பிடித்து, அவள் குடித்தாள்.